தேனீப் பெட்டியில் உண்ணி எண்ணும் முறை: ஏற்காட்டுக்கும் சேலம் சமவெளிக்கும்

பெட்டியைத் திறந்து, அடை கட்டிய மரச்சட்டம் இரண்டைத் தூக்கிப் பார்த்து, "உண்ணி ஒன்றும் இல்லை" என்று மூடிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இது சோதனை ஆகாது. தேனீயின் முதுகில் உண்ணி கண்ணுக்குத் தட்டுப்படுகிறது என்றால் அந்தக் கூட்டம் ஏற்கெனவே கைமீறிப் போகிறது என்று அர்த்தம். தேனீயை உறிஞ்சி வாழும் முக்கிய உண்ணியின் பெயர் வரோவா. வளர்ந்த தேனீயின் மேல் இருக்கும் வரோவா அடிவயிற்றுத் தகடுகளின் இடுக்கில் உடம்பைச் செருகிக்கொண்டு உட்காரும். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது அகப்படாது. மீதி உண்ணிகள் மூடிய கண்ணறைக்குள் (அடையில் உள்ள சிறு மெழுகு அறைக்குள்), கூட்டுப்புழுவோடு இருக்கும். புழு வளர்ப்பு நடக்கும் காலத்தில் பாதிக்கு மேற்பட்ட உண்ணிகள் இந்த மூடிக்கு உள்ளேதான். ஆகவே எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

முதலில் உங்கள் பெட்டியில் இருப்பது எந்தத் தேனீ என்று முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதைப் பொறுத்தது. சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலில் வைத்திருக்கும் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் அடுக்குத் தேனீ என்கிற இந்தியத் தேனீ. கீழே வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர்ப் பக்கம் தென்னை, மா, எள் வயல்களை நம்பி வைப்பதில் இத்தாலியத் தேனீயும் உண்டு. வரோவாவுக்கும் இந்தியத் தேனீக்கும் பழைய பழக்கம். இந்தத் தேனீக்கள் ஒன்றின் உடம்பை ஒன்று துடைத்து உண்ணியைக் கடித்துத் தள்ளும்; உண்ணி புகுந்த பணித் தேனீக் கண்ணறையைத் திறந்து காலி செய்யும். அதனால் இந்தியத் தேனீயில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீக் கண்ணறைகளில் மட்டுமே பெருகும். இத்தாலியத் தேனீக்கு இந்தப் பழக்கம் குறைவு. அதில் பணித் தேனீக் கண்ணறையிலும் வரோவா பெருகும். கவனிக்காமல் விட்டால் ஓரிரு ஆண்டில் கூட்டமே போய்விடும்.

இத்தாலியத் தேனீக்கு இன்னொரு எதிரியும் உண்டு: ட்ரோபிலேலாப்ஸ் உண்ணி. இது மலைத்தேனீயிடமிருந்து வந்தது. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் மலைத்தேனீ கூடு தொங்குகிற ஊரில் இத்தாலியத் தேனீ வைத்தால் இதையும் சேர்த்தே தேட வேண்டும். சேலம் மாவட்டத்தில் மலையை ஒட்டிய எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. வரோவா, அகலம் நீளத்தை விட அதிகமான உண்ணி: ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் அகலம், 1.1 மில்லிமீட்டர் நீளம். செம்பழுப்பு நிறம், தட்டையான நண்டு ஓடு மாதிரி இருக்கும், மெதுவாக நகரும். ட்ரோபிலேலாப்ஸ் அதில் பாதி அளவு. நீளம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, நீள்வாக்கில் இருக்கும், வெளிர்பழுப்பு. மூடியைத் திறந்ததும் அடையின் மேல் விறுவிறுவென்று ஓடும். ஓடுகிறதா, நகர்கிறதா என்பதை வைத்தே பாதி அடையாளம் தெரிந்துவிடும்.

சர்க்கரைத் தூள் முறை

இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர் மாதம் ஒரு முறை செய்ய வேண்டிய சோதனை இது. தேனீ சாகாது. வேண்டியவை: அரை லிட்டர் கொள்ளும் அகன்ற வாய் ஊறுகாய் பாட்டில், அதன் மூடியின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு அங்கே பொருத்திய கம்பி வலை, 120 மில்லி அளவுக் குவளை, அகலமான பிளாஸ்டிக் பேசின், வெள்ளைத் தட்டு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை.

அதிகம் பேர் தவறுவது வலையில்தான். ஜன்னலுக்கு அடிக்கும் கொசு வலையைப் போட்டால் அதன் கண் சிறிது. வரோவா உள்ளேயே நின்றுவிடும், தட்டில் சர்க்கரை மட்டும் விழும், "என் பெட்டி சுத்தம்" என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரு அங்குலத்துக்கு எட்டுக் கண் உள்ள கம்பி வலை என்று ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். கண் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உண்ணி விழும், தேனீ விழாது. வாங்கி வந்ததும் கடுகைப் போட்டு ஆட்டிப் பாருங்கள். தடையில்லாமல் கொட்டினால் சரி.

சர்க்கரையை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, சோதனை நேரத்தில்தான் திறக்க வேண்டும். ஏற்காட்டில் இதற்குத் தனிக் கவனம் தேவை. மூடுபனி இருக்கும் காலையிலும் மழை நாளிலும் தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகும். கட்டியான சர்க்கரை உண்ணியின் காலை வழுக்கவிடாது, தேனீயோடு சேர்த்து ஒட்டிவிடும். பனி விலகி வெயில் ஏறி, பதினொரு மணிக்கு மேல் செய்வதுதான் மலையில் சரி.

பெட்டியைத் திறக்க இரண்டு மூன்று முறை புகை போதும். தேங்காய் நாரோ பழைய சாக்குத் துணியோ போட்டு, வெள்ளையாக, ஆறிய புகையாக விடுங்கள். புகை அதிகமானால் தேனீக்கள் ஓடிப்போய் வயிறு நிறையத் தேனை உறிஞ்சும், பாட்டிலில் குலுக்கும்போது அதைக் கக்கும், தூள் பாகாகிவிடும்.

அடுத்தது ராணி. அதைத் தேடி, அது இருக்கும் சட்டத்தை ஓரமாக வைத்த பிறகுதான் மாதிரி எடுக்க வேண்டும். ராணி கண்ணில் படவில்லை என்றால் அன்று விட்டுவிடுங்கள், நாளை பார்க்கலாம். ஒரு எண்ணிக்கைக்காக ராணியைச் சர்க்கரையில் புரட்டுவது நஷ்டம்.

மூடாத புழுக்கள் இருக்கும் சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கேதான் புழுவுக்கு உணவு ஊட்டும் இளந்தேனீக்கள் இருக்கும்; உண்ணி தேடிப் போவதும் அவற்றைத்தான். தேன் சட்டத்திலிருந்து எடுத்தால் எண்ணிக்கை பாதியாகத் தெரியும். சட்டத்தைப் பேசினுக்கு மேல் பிடித்து ஓங்கி ஒரு உதறு. கிழத் தேனீக்கள் பறந்து போகும், இளசுகள் பேசினிலேயே தவழும். அரை நிமிடம் விட்டு, பேசினைச் சாய்த்து ஒரு மூலைக்குத் தட்டி, குவளையால் 120 மில்லி அளவுக்குத் தேனீக்களை அள்ளிப் பாட்டிலில் போடுங்கள். இத்தாலியத் தேனீயில் இது ஏறக்குறைய 300 தேனீ.

வலை மூடியைப் போட்டு, வலை வழியாகவே சர்க்கரைத் தூளைத் தள்ளுங்கள். பாட்டிலைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டுங்கள். எல்லாத் தேனீயும் வெள்ளை மாவில் புரண்ட மாதிரி ஆக வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் நிழலில் வைத்துவிடுங்கள். இந்த இரண்டு நிமிடத்தைக் குறைக்காதீர்கள். தூள் உண்ணியின் காலில் உள்ள ஒட்டும் திண்டை மூடுவதும், தேனீக்கள் உடல் சூடேறித் தம்மைத் தாமே துடைப்பதும் அப்போதுதான். அவசரப்பட்டால் பாதி உண்ணி பிடியை விடாது. அதே நேரம் பாட்டிலை வெயிலில் வைத்தால் தேனீக்கள் புழுங்கிச் செத்துவிடும்.

இனி பாட்டிலைக் கவிழ்த்து, வெள்ளைத் தட்டுக்கு மேல் முழுதாக ஒரு நிமிடம் குலுக்குங்கள். உப்பு தூவுகிற மாதிரி மென்மையாக அல்ல. தேனீக்கள் வலையில் மோதும் அளவுக்கு. தூள் விழுவது நின்ற பிறகும் இன்னும் பத்து முறை குலுக்குங்கள். கடைசியில் விழுபவை உண்ணிகளாகவே இருக்கும். தட்டில் தண்ணீரைத் தெளித்தால் சர்க்கரை கரைந்துவிடும், உண்ணிகள் செம்பழுப்புப் புள்ளிகளாக மிதக்கும். எண்ணுங்கள். தேனீக்களைப் பெட்டியின் மேல் கொட்டிவிட்டால் அவை உள்ளே போய் ஒன்றையொன்று நக்கிச் சுத்தமாகிவிடும்.

எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை உண்ணி என்று கிடைக்கும். 300 தேனீயில் 9 உண்ணி என்றால் நூற்றுக்கு 3. இத்தாலியத் தேனீயில் நூற்றுக்கு 2 வரை வந்தால் இரண்டு வாரத்தில் மறுபடி எண்ணுங்கள். 3 ஆகிவிட்டால் மருத்துவம் தேவை, தள்ளிப் போடக் கூடாது. அரையும் ஒன்றும் வந்துகொண்டிருந்த பெட்டி திடீரென்று 2 காட்டினால், மூன்று வரட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்துப் பெட்டிகளையும் பாருங்கள்.

புதுத்தேன் பொங்கி வரும் நாட்களில் இந்த முறை பொய் சொல்லும். மார்ச், ஏப்ரலில் பூ மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் காபி ஒரே வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்தும் விடும். அந்த நாட்களில் சட்டத்தை உதறினாலே கண்ணறையிலிருந்து நீர்த்த தேன் தெறிக்கும். தேனீ நனையும், தூள் பசையாகும். ஆகவே பூவுக்கு முன்பு, ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு முறையும், தேன் எடுத்து முடித்த பிறகு ஒரு முறையும் எண்ணுங்கள். பூ நேரத்தில் பெட்டியைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் நல்லது.

ஸ்பிரிட்டில் கழுவும் முறை

சர்க்கரை முறையைவிட இது துல்லியமானது, ஈரத்துக்கும் பனிக்கும் கட்டுப்படாது. ஆனால் 300 தேனீ சாகும். அந்த 300 பேரை இழக்க மனம் வராது. என்றாலும் வலுவான இத்தாலியத் தேனீக் கூட்டத்துக்கு அது ஒரு நாளில் புதிதாகப் பொரிக்கும் தேனீக் கணக்குக்கூட இல்லை. உண்ணியை அறியாமல் விட்டால் போவது மொத்தக் கூட்டமும். மழைக்காலத்தில் மலையில் வேறு வழியும் இல்லை.

மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தேனீக்கள் முழுகும் அளவுக்கு ஊற்றி, ஒரு நிமிடம் சுழற்றிச் சுழற்றிக் குலுக்கி, வலை வழியாக வெள்ளைக் கிண்ணத்தில் வடிகட்டுங்கள். மறுபடி கொஞ்சம் ஊற்றி இன்னொரு தடவை அலசுங்கள். இரண்டாவது அலசலில் வரும் உண்ணிகள் சில நேரம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். அதை விட்டால் கணக்கு தப்பும். ஸ்பிரிட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். நுரை அடங்கும்வரை பொறுத்து எண்ண வேண்டும். அடுப்பு, புகைமூட்டி பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

இந்த முறையில் இன்னொரு பயனும் உண்டு. செத்த தேனீக்களை ஒரே ஒரு முறை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். உங்கள் குவளை நிஜமாகவே 300 கொள்கிறதா என்று தெரிந்துவிடும். 340 இருந்தால் 300-க்கு எவ்வளவு வருமோ அந்த இடத்தில் குவளையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு எந்த முறையில் எண்ணினாலும் அதே கோடுதான்.

அடிப்பலகைத் தாள்

மேலே உள்ள இரண்டும் இத்தாலியத் தேனீக்கு. இந்தியத் தேனீயைச் சட்டம் சட்டமாக உதறி, பேசினில் அள்ளி, மாவில் புரட்டினால் அது கூட்டை விட்டே ஓடிப்போகலாம். அடிக்கடித் திறக்கும் பெட்டியை அது பொறுக்காது. அதற்கு ஏற்றது பெட்டியின் கீழே தாள் வைப்பது.

பழைய பிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கத்தை அடிப்பலகை அளவுக்கு வெட்டுங்கள். அதன் மேல் சமையல் எண்ணெயோ வாஸ்லினோ மெல்லியதாகத் தடவுங்கள். விழுகிற உண்ணி எழுந்து நடக்காமல் இருக்க இது வேண்டும். தேனீ ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, ஓரத்தில் அரை அங்குல உயரத்துக்கு மரச்சட்டம் வைத்து அதன் மேல் முன்பு சொன்ன எட்டுக்கண் வலையை அடித்துத் தாளின் மேல் வையுங்கள். இந்தியத் தேனீக்குப் பயன்படும் நியூட்டன் வகைப் பெட்டியில் அடிப்பலகை தனியாகக் கழலும் என்பதால் கீழ்ப்பெட்டியை மெதுவாகத் தூக்கி இதை வைப்பது இரண்டு நிமிட வேலை. மூன்று நாள் கழித்து எடுத்து, எண்ணி, மூன்றால் வகுத்தால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கிடைக்கும்.

எறும்பு ஏறினால் இந்தச் சோதனையே வீண். தாளில் விழுந்த உண்ணியை எறும்பு ஒன்று விடாமல் தூக்கிக்கொண்டு போய்விடும். தாள் துடைத்த மாதிரி இருக்கும். பெட்டிக் காலுக்கு அடியில் உள்ள கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா, பக்கத்துப் புல் வளர்ந்து பாலம் போட்டிருக்கிறதா என்று வைக்கும்போதும் எடுக்கும்போதும் பாருங்கள். தாளில் மெழுகுச் செதில், மகரந்தத் துணுக்கு, மெழுகுப்புழுவின் எச்சம் எல்லாம் கிடக்கும். சந்தேகமானதை ஊசி முனையால் புரட்டிப் பாருங்கள்: ஓட்டு மாதிரி வளைந்த முதுகும் அடியில் கால்களும் இருந்தால்தான் உண்ணி.

நாளொன்றுக்கு இத்தனை விழுந்தால் ஆபத்து என்று ஒரே எண்ணை எல்லாப் பெட்டிக்கும் சொல்ல முடியாது. கூட்டத்தின் அளவும் புழுவின் அளவும் மாறும். அதே பெட்டியில் மாதத்துக்கு மாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே இங்கே செய்தி. இத்தாலியத் தேனீப் பெட்டியில் நாளுக்குப் பத்துக்கு மேல் விழுந்தால் உடனே சர்க்கரை முறையில் சரிபாருங்கள்.

கண்ணறையைத் திறந்து பார்த்தல்

வரோவா பணித் தேனீக் கண்ணறையைவிட ஆண் தேனீக் கண்ணறையைத்தான் பல மடங்கு விரும்பும். அங்கே மூடி நீண்ட நாள் இருக்கும், குஞ்சு பொரிக்க அவகாசம் அதிகம். ஊதாக் கண் வந்த, உடம்பு இன்னும் வெள்ளையாக இருக்கும் கூட்டுப்புழுக்கள் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து, அடை சீவும் முள்சீப்பை மூடிக்கு இணையாகச் சாய்த்துக் குத்தித் தூக்குங்கள். புழுக்கள் வரிசையாகச் சீப்பிலேயே வெளியே வரும். வெள்ளை உடம்பின் மேல் சிவப்பு உண்ணி பளிச்சென்று தெரியும். காலியான கண்ணறையின் உள்ளேயும் பாருங்கள். நூறு புழுவை எண்ணி அதில் எத்தனையில் உண்ணி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியத் தேனீ வைத்திருப்பவர் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் ஆண் தேனீக் கண்ணறை மூடி கூம்பாக எழும்பி, நடுவில் ஊசித் துளை ஒன்றோடு இருக்கும். உண்ணி துளைத்துவிட்டது என்று புதியவர்கள் பதறுவது இதைப் பார்த்துத்தான். அது இயல்பு. அந்தத் துளை மெழுகால் அடைபட்டு, உள்ளே புழு செத்திருந்தால்தான் விசாரிக்க வேண்டும். உண்ணி அதிகம் ஏறிச் செத்த ஆண் புழுவை இந்தியத் தேனீ அப்படியே உண்ணியோடு சேர்த்துப் புதைத்துவிடும்.

பொரித்து வெளியேறிய பணித் தேனீக் கண்ணறையிலும் தடயம் இருக்கும். வெயில் உங்கள் தோளுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி, அடிக்கட்டை மேலே வரப் பிடியுங்கள். கண்ணறையின் மேல்சுவராக இருந்த பகுதி இப்போது கண்ணுக்கு நேரே வரும். அங்கே சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது வரோவாவின் எச்சம். உண்ணியே கண்ணில் படாத சட்டத்திலும் இது காட்டிக்கொடுக்கும்.

ட்ரோபிலேலாப்ஸுக்குச் சர்க்கரை முறை உதவாது. அது வளர்ந்த தேனீயைக் கடித்து உண்ண முடியாத உண்ணி. ஓரிரு நாள்தான் தேனீயின் மேல் இருக்கும், உடனே அடுத்த கண்ணறைக்குள் போய்விடும். மாதிரியில் பூஜ்யம் வந்தாலும் அடைக்குள் நிறைய இருக்கலாம். இதற்குத் தட்டும் முறை: மூடிய புழு உள்ள சட்டத்திலிருந்து தேனீக்களை உதறிவிட்டு, வெள்ளைத் தட்டின் விளிம்பில் சட்டத்தின் ஒரு முனையை இரண்டு முறை ஓங்கித் தட்டுங்கள், பிறகு மறுமுனை, பிறகு மறுபக்கம். ஓடுகிற சிறு உண்ணிகள் தட்டில் விழும். விழவில்லை என்றாலும் நம்பிவிடாமல் நூறு பணித் தேனீக் கண்ணறையை இடுக்கியால் திறந்து பாருங்கள். இங்கே ஒன்றிரண்டு கிடைத்தாலே நடவடிக்கை வேண்டும். வரோவாவைவிட இது வேகமாகப் பெருகும்.

உண்ணி அல்லாதது

பெட்டி முன்னால் புல்லில் தேனீ தவழ்கிறது, இறக்கை சுருங்கிய நூல் மாதிரி இருக்கிறது, வயிறு குட்டையாக இருக்கிறது: இது உண்ணி பரப்பும் வைரஸின் அடையாளம், எண்ணிப் பாருங்கள். ஆனால் இந்தியத் தேனீயில் மூடும் தருவாயில் இருக்கும் புழு தலை நிமிர்ந்து செத்துக் கிடந்து, இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் நிரம்பிய பை மாதிரி முழுசாகத் தொங்கினால் அது தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) என்கிற வைரஸ் நோய். 1991, 92-ல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன வைரஸ் அதுதான். அதற்கு உண்ணி மருந்து போட்டால் நோயாளிக்கு விஷம் கொடுத்த மாதிரி ஆகும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணிய பிறகு

இந்தியத் தேனீக்கு உண்ணி மருந்து வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. உண்ணி ஏறிய ஆண் புழு அடையை வெட்டி எடுத்து அழியுங்கள், கூட்டத்தை வலுவாக வையுங்கள். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

இத்தாலியத் தேனீக்கு நம் நாட்டில் வழக்கமாகப் பரிந்துரைப்பது 85 சதவீத ஃபார்மிக் அமிலம். சிறு குப்பியில் 5 மில்லி ஊற்றிப் பஞ்சுத் திரி போட்டு அடிப்பலகையில் வைத்து, தினமும் நிரப்பி, 14 முதல் 21 நாள். இதன் ஆவி மூடிக்குள்ளும் புகும் என்பதுதான் பலம். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் ஆவி மிதமிஞ்சி எழும். புழுவும் ராணியும் சாகும். சேலம் சமவெளியில் மார்ச் முதல் மே வரை இதைத் தொடவே கூடாது. மார்கழி, தை மாதக் குளிரில் வைத்துக்கொள்ளுங்கள். தேன் எடுக்கும் மேல்பெட்டி இருக்கும்போதும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அமிலக் குப்பியைத் திறக்காதீர்கள். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். ட்ரோபிலேலாப்ஸ் மட்டும் என்றால் மருந்தில்லா வழியும் உண்டு: ராணியைச் சிறு கூண்டில் 24 நாள் அடைத்து வையுங்கள். கூண்டு புழு அடையின் நடுவிலேயே இருக்கட்டும். எல்லாப் புழுவும் பொரித்துப் போனால் அந்த உண்ணிக்கு உண்ண ஒன்றும் இல்லை, சில நாளில் செத்துவிடும்.

பெட்டி பத்துக்குள் இருந்தால் எல்லாவற்றையும் எண்ணுங்கள்; அதிகம் இருந்தால் குறைந்தது எட்டை. ஓரத்துப் பெட்டிகளை விடாதீர்கள், திசை தப்பிய தேனீக்கள் அதிகம் நுழைவது அங்கேதான். தேதி, பெட்டி எண், முறை, மாதிரி அளவு, உண்ணி எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் மேல்மூடியின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். நோட்டு தொலையும், மூடி பெட்டியோடே இருக்கும். மருந்து முடிந்து பத்து நாள் கழித்து, அதே குவளையில், அதே முறையில் மறுபடி எண்ணி அதற்குக் கீழே எழுதுங்கள்.